ஒரு ஃபிளாஷ், ஒரு குடை, ஒரு முகம்: தனி ஃபிளாஷில் போர்ட்ரெய்ட் எடுக்க முழுமையான வழிகாட்டி

கேமராவின் தலைமேல் மாட்டிய ஃபிளாஷ் முகத்தில் நேராகப் போய் அடிக்கிறது. நிழலெல்லாம் முகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதால் படம் தட்டையாக வருகிறது. அதே ஃபிளாஷைக் கழற்றி நாலடி பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். மூக்குக்கு ஒரு பக்கம் உண்டாகும், கன்ன எலும்பு எழுந்து வரும், தாடைக்கு விளிம்பு கிடைக்கும். முகத்துக்கு வடிவம் கொடுப்பது நிழல். அது எங்கே விழுகிறது என்பது ஒரே ஒரு விளக்கு இருக்கும்போதுதான் தெளிவாகத் தெரியும். ஆகவே இரண்டாவது ஃபிளாஷ் வாங்கும் ஆசையைக் கொஞ்சகாலம் தள்ளிப்போடுங்கள்.

என்னென்ன வேண்டும்

மேனுவலில் அளவைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு ஃபிளாஷ், தள்ளி வைத்த ஃபிளாஷைக் கேமராவோடு சேர்ந்து மின்னவைக்கும், உங்கள் கேமராவுக்குப் பொருந்தும் ரேடியோ ட்ரிகர், ஸ்டாண்ட், குடையையும் ஃபிளாஷையும் சேர்த்து மாட்டும் பிராக்கெட், ஒளி ஊடுருவும் வெள்ளைக் குடை. கூடவே கடையில் கிடைக்கும் தெர்மாகோல் அட்டை ஒன்று.

டிடிஎல் வசதி இல்லாத ஃபிளாஷே போதும். டிடிஎல், காட்சியைப் பார்த்து ஒளியின் அளவைத் தானே முடிவுசெய்யும். வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் வந்து நின்றால், அந்த வெண்மையைக் கண்டு ஒளியைக் குறைத்துவிடும்; முகம் இருண்டுபோகும். மேனுவலில் நீங்கள் மாற்றினால்தான் மாறும். கற்றுக்கொள்ள அந்த நிலைத்தன்மை அவசியம்.

படி 1: ஃபிளாஷை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்

மொட்டை மாடி, சூரியன் மறைந்த சற்று நேரத்தில், என்று வைத்துக்கொள்வோம். ஐஎஸ்ஓ 200, அப்பெர்ச்சர் எஃப் 4, ஷட்டர் 1/125 என்று வைத்து வானத்தை மட்டும் பார்த்து ஒரு படம் எடுங்கள். வானத்தின் நிறம் இன்னும் அழுத்தமாக வேண்டுமென்றால் ஷட்டரை 1/200க்குக் கொண்டுபோங்கள். முன்னால் நிற்பவர் கறுப்பு உருவமாகத் தெரிவார். தெரியட்டும், அவருக்கான ஒளி இனிமேல்தான் வரப்போகிறது.

படி 2: எந்தத் திருகு எந்த ஒளிக்கு

இந்த வித்தையின் மையம் இதுதான். ஃபிளாஷ் ஒரு கணத்தில் மின்னி மறைந்துவிடுகிறது. ஷட்டர் அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் ஃபிளாஷ் ஒளி கூடாது. சுற்றியுள்ள இயற்கை ஒளிதான் கூடும். ஆக, பின்னணியின் வெளிச்சத்துக்கு ஷட்டர், முகத்தின் வெளிச்சத்துக்கு ஃபிளாஷின் அளவு. அப்பெர்ச்சரும் ஐஎஸ்ஓவும் இரண்டையும் சேர்த்தே பாதிக்கும். அவற்றை ஒருமுறை வைத்துவிட்டால் தொடாதீர்கள்.

ஷட்டருக்கு ஓர் எல்லை உண்டு. பெரும்பாலான கேமராக்களில் அது 1/200 அல்லது 1/250. அதைத் தாண்டினால், முதல் திரை முழுதும் விலகும் முன்பே இரண்டாம் திரை மூடத் தொடங்கிவிடும். படத்தில் கறுப்புப் பட்டை விழும். இதைக் கடக்க ஹை-ஸ்பீடு சிங்க் உண்டு, ஆனால் அது ஃபிளாஷின் பலத்தைத் தின்றுவிடும். இப்போதைக்கு வேண்டாம்.

படி 3: குடை நிற்கும் இடம்

எதிரில் இருப்பவரின் மூக்கிலிருந்து பக்கவாட்டில் 45 டிகிரி, கண் மட்டத்துக்கு மேலே, முகத்தைப் பார்த்துச் சாய்ந்தபடி குடை இருக்கட்டும். தூரம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். ஃபிளாஷின் ஜூமை 24 அல்லது 35க்குக் குறையுங்கள். அப்போதுதான் குடை முழுக்க ஒளி பரவும். அளவு 1/16. முகம் வெளுத்தால் 1/32, இருண்டால் 1/8.

இப்போது மூக்கின் நிழலைப் பாருங்கள். அது கன்னத்தை நோக்கிச் சரிந்து, உதட்டைத் தொடாமல் நிற்க வேண்டும். குடையை இன்னும் பக்கவாட்டில் நகர்த்தினால் அந்த நிழல் கன்ன நிழலோடு சேர்ந்து, எதிர்ப்பக்கக் கண்ணுக்குக் கீழே ஒரு முக்கோண வெளிச்சம் மிஞ்சும். டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் பெயரால் அழைக்கப்படும் ஒளியமைப்பு இது. கண்ணின் கருமணியில் வெளிச்சப் புள்ளி இல்லையென்றால் குடை அளவுக்கு மீறி உயரத்தில் இருக்கிறது, இறக்குங்கள். நிழல் பக்கம் கனமாக இருந்தால், ஒளியைத் திருப்பி முகத்தில் விழவைக்க அங்கே தெர்மாகோலைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

படி 4: தூரத்தை வைத்துப் பின்னணியை மாற்றுவது

விளக்கிலிருந்து தூரம் இருமடங்கானால் ஒளி கால்பங்காகும். முகம் 1 மீட்டரிலும் பின்சுவர் 2 மீட்டரிலும் இருந்தால் சுவருக்குக் கால்பங்குதான் கிடைக்கும், சுவர் இருண்டு பின்வாங்கும். விளக்கை மட்டும் பின்னால் இழுத்து முகம் 3 மீட்டர், சுவர் 4 மீட்டர் என்று ஆக்கினால் சுவருக்குப் பாதிக்கும் மேல் போய்விடும். அருகே வந்த குடை முகத்தில் மென்மையாகவும் விழும், ஏனென்றால் அங்கிருந்து பார்க்க அது பெரிதாகத் தெரிகிறது. நிழலின் விளிம்பு கரைந்துவிடும்.

கறுத்த முகத்துக்கு ஒளி வைப்பது

நம் ஊரில் ஃபிளாஷ் பிடிக்கும் எவரும் இதை அக்கறையோடு கற்க வேண்டும். கறுத்த தோல் ஒளியைக் குறைவாகப் பரப்பும்; ஆனால் அதன் மேற்பரப்பில் விழும் மினுமினுப்பு தெளிவாகத் தெரியும். அந்த மினுமினுப்புதான் நெற்றியையும் கன்னத்தையும் செதுக்கிக் காட்டுகிறது. எனவே அளவைக் கூட்டி முகத்தை வெளுக்க வைப்பது தவறான வழி. அந்த மனிதரின் நிறத்தையே அது அழித்துவிடுகிறது. குடையை அருகே கொண்டுவந்து, இன்னும் பக்கவாட்டுக்கு நகர்த்தி, மினுமினுப்பு அகலமாக விழும் கோணத்தைத் தேடுங்கள். பின்னணியைத் தோலைவிட ஒரு படி வெளிச்சமாகவோ நன்றாக இருட்டாகவோ வையுங்கள்; இரண்டும் ஒரே அளவில் இருந்தால் தலைமுடி சுவரோடு ஒட்டிக்கொள்ளும். எடிட்டிங்கிலும் தோலை வெளுக்காதீர்கள்.

சில நடைமுறைகள்

கண்ணாடி அணிந்தவர்களுக்குக் குடை கண்ணாடியில் வெள்ளையாகத் தெரியும். குடையை உயர்த்துங்கள், அல்லது கண்ணாடிக் காம்பைக் காதுக்கு மேலே சற்றுத் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குள் மஞ்சள் பல்பு எரிந்தால் ஃபிளாஷின் மேல் ஆரஞ்சு ஜெல் ஒட்டுங்கள், இரண்டு ஒளியும் ஒரே நிறத்துக்கு வரும். மொட்டை மாடியில் லேசான காற்றுக்கே குடை ஸ்டாண்டோடு சாய்ந்துவிடும். ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டையோ தண்ணீர் நிரம்பிய கேனோ கட்டிவிட்டு, அதன் பிறகு ஆளை வந்து நிற்கச் சொல்லுங்கள்.