அலை ஏறி வந்த பள்ளிக்கூடம்



2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனா நோய்ப் பரவலால் பள்ளிகள் மூடப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உங்களில் பலர் அன்று தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். உலகெங்கும் 150 கோடிக்கு மேற்பட்ட மாணவர்களுக்கு ஒரே சமயத்தில் பள்ளிக் கதவு சாத்தப்பட்டது. அந்த நாட்களில் எங்கள் முத்தியால்பேட்டையில் நான் கண்ட ஒரு சிறு நிகழ்ச்சியோடு இந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன்.

பக்கத்து வீட்டில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி இருந்தாள். அவளுடைய அப்பா பிரான்சில் வேலை பார்த்தார். வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்ஃபோன். காலையில் அதில் அவளுக்குப் பாடம், பிறகு பத்தாம் வகுப்பு அண்ணனுக்குப் பாடம், இரவில் அப்பாவின் குரல். ஒரு நாள் அவள் நோட்டுப் புத்தகத்தோடு அழுதுகொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"மாமா, நான் சரியா எழுதினா ஃபோன்ல தப்பாத் தெரியுது. ஃபோன்ல சரியாத் தெரியற மாதிரி எழுதினா மிஸ் தப்புன்னு சொல்றாங்க" என்றாள்.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். 'படம்' என்ற சொல்லை வலமிருந்து இடமாக, 'ட' என்ற எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதியிருந்தாள். அழித்து அழித்துத் தாளே கிழிந்திருந்தது. அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. காரணம் உங்களுக்குத் தெரிகிறதா?

குற்றம் யாருடையது?

சமதளக் கண்ணாடியில் உண்டாகும் பிம்பத்துக்கு இடவல மாற்றம் உண்டு என்று படித்திருக்கிறீர்கள். நாம் பிறந்தது முதல் நம் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தே பழகியவர்கள். ஆகவே காணொலி அழைப்பில் நமக்கு நம் உருவத்தைக் காட்டும்போது, ஃபோனில் உள்ள செயல்நிரல் அதைக் கண்ணாடிப் பிம்பம் போல இடவலம் மாற்றிக் காட்டுகிறது. ஆனால் எதிர்முனைக்கு அனுப்பும் படத்தை மாற்றுவதில்லை. சிறுமி நோட்டைக் காட்டினால், அவள் திரையில் எழுத்துகள் திரும்பித் தெரியும். ஆசிரியை திரையில் நேராகத் தெரியும். 'ப' என்ற எழுத்து இடவல மாற்றத்தில் ஏறக்குறைய அப்படியே இருக்கும். 'ட' மாறிவிடும். எனவே தன் திரையில் சரியாகத் தெரியவேண்டும் என்று அவள் எழுதியது, ஆசிரியைக்குத் தலைகீழான பாடமாய்ப் போயிற்று.

குற்றம் சிறுமியுடையதும் அன்று, ஆசிரியையுடையதும் அன்று. இருவருக்கும் இடையே ஒரு கருவி வந்து உட்கார்ந்திருக்கிறது. அதன் குணம் இருவருக்குமே தெரியாது. வகுப்பறையாக இருந்தால் ஆசிரியை பெஞ்சின் அருகே வந்து, ஒரு நொடியில் நோட்டைப் பார்த்திருப்பார். தொலைவிலிருந்து கற்பிப்பதன் கடினம் முழுவதும் இந்தச் சிறு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது.

புதிய வழக்கம் அன்று

பள்ளி மூடினால் பாடத்தை வீட்டுக்கு அனுப்புவது 2020இல் தோன்றியதன்று. 1937இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, பள்ளித் திறப்பைத் தள்ளிவைத்து வானொலியில் பாடம் நடத்தினார்கள். பாடக் குறிப்புகளைச் செய்தித்தாள்கள் வெளியிட்டன. 1939இல் போர் மூண்டபோது பிரான்சு, பள்ளிக்குப் போக முடியாத பிள்ளைகளுக்காக அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. அதன் வழிவந்த நிறுவனமே 2020இல் அந்நாட்டுப் பிள்ளைகளுக்கு இணையத்தின் வழியே பாடம் கொடுத்தது.

ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் பண்ணை வீடுகள் ஒன்றுக்கொன்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. அங்கே 1951இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் 'வானொலிப் பள்ளி' தொடங்கியது. பறக்கும் மருத்துவர் சேவைக்காக ஏற்படுத்தியிருந்த சிற்றலை வானொலி அதற்குப் பயன்பட்டது. சிற்றலைகள், பூமிக்கு மேலே நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அயனி மண்டலத்தால் திருப்பப்பட்டுத் தொலைவில் வந்து இறங்கும். ஆகவே நடுவில் மலையோ பாலையோ இருந்தாலும் கவலையில்லை. முதலில் ஆசிரியர் மட்டுமே பேசினார். பிறகு பாடத்தின் முடிவில் பிள்ளைகள் கேள்வி கேட்கவும் நேரம் ஒதுக்கினார்கள். இந்த மாற்றத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் வருவோம்.

கோழிக்கூட்டு வலையில் விழுந்த பாடம்

நம் நாட்டில் இதற்கான மாபெரும் சோதனை 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை நடந்தது. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 என்ற செயற்கைக்கோளைக் கொண்டு, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. காலையில் 5 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம். மாலையில் பெரியவர்களுக்கு வேளாண்மை, உடல்நலம் முதலியவை.

கிராமத்துக் கூரைமீது நின்ற ஆன்டெனா எதனால் ஆனது தெரியுமா? கோழிக்கூடு செய்யும் கம்பி வலையால்! சுமார் 3 மீட்டர் விட்டமுள்ள கிண்ணம் அது. ஓட்டை வழியே அலை ஒழுகிவிடாதா என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த அலையின் அதிர்வெண் 860 மெகாஹெர்ட்ஸ்.

அலைநீளம் = வேகம் ÷ அதிர்வெண்
= 30,00,00,000 ÷ 86,00,00,000 = சுமார் 0.35 மீட்டர்

அதாவது 35 சென்டிமீட்டர். ஓரிரு சென்டிமீட்டர் ஓட்டையை இவ்வளவு பெரிய அலை 'காண்பதே' இல்லை. அதற்கு வலையும் தகடும் ஒன்றுதான். மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் சிறு துளைகளுள்ள தகட்டை வைத்திருப்பதும் இதே தத்துவத்தால்தான். வலை மலிவு, காற்றும் அதனூடே போய்விடும், ஆன்டெனா சாயாது.

பிறகு 2004 செப்டம்பர் 20 அன்று, கல்விக்கென்றே எடுசாட் என்ற செயற்கைக்கோளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் நாடே ஏவியது. 2019 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. புதுச்சேரியும் காரைக்காலும் அப்போது தமிழ்நாட்டுப் பாடநூல்களையே பின்பற்றியதால், மறு ஆண்டு பள்ளிகள் மூடியபோது அந்தப் பாடங்கள் இப்பிள்ளைகளுக்கும் பொருந்தின. ஆனால் நம் ஆட்சிப்பகுதியின் மற்ற இரு துண்டுகளைப் பாருங்கள். மாஹே கேரளப் பாடத்தையும் ஏனாம் ஆந்திரப் பாடத்தையும் பின்பற்றின. செயற்கைக்கோள் அலைக்கு எல்லைக்கோடு கிடையாது, பாடநூலுக்கு உண்டு.

ஒரு மணி நேரப் பாடத்தின் எடை

செல்ஃபோனில் குரலும் படமும் எண்களாக மாற்றப்பட்டுப் போகின்றன. தொலைபேசிக் குரலில் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளை அனுப்பினால் பேச்சுப் புரியும். ஓர் அலையை எண்களால் சரியாகக் குறிக்க, அதன் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேல் அளந்தாக வேண்டும். ஆகவே நொடிக்கு 8,000 முறை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவுக்கும் 8 பிட். ஆக நொடிக்கு 64,000 பிட். இன்றைய முறைகளில் இதைச் சுருக்கி, 24,000 பிட்டிலேயே நல்ல குரலை அனுப்பலாம். ஓரளவு தெளிவான சிறிய படத்துக்கோ நொடிக்குச் சுமார் 5,00,000 பிட் வேண்டும். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஒரு மணிக்கு 3,600 நொடி.

குரல் மட்டும்: 24,000 × 3,600 ÷ 8 = சுமார் 11 மெகாபைட்
படத்துடன்: 5,00,000 × 3,600 ÷ 8 = 225 மெகாபைட்

படப்பாடம் குரல்பாடத்தைப் போல் ஏறத்தாழ இருபது மடங்கு கனமானது! இரண்டு பிள்ளைகள் நாளுக்கு நான்கு மணி நேரம் படத்துடன் படித்தால் 225 × 4 × 2 = 1,800 மெகாபைட். அன்று பல வீடுகளில் வைத்திருந்த திட்டம் நாளுக்கு 1.5 ஜிகாபைட், அதாவது சுமார் 1,500 மெகாபைட். மாலைக்குள் தீர்ந்துவிடும். பிறகு அப்பாவின் குரல் எப்படி வரும்?

இதை உணர்ந்த ஆசிரியர்கள் சிலர் ஐந்து நிமிடக் குரல் பதிவாகப் பாடத்தை அனுப்பினார்கள். அது 1 மெகாபைட்டுக்கும் குறைவு. ஃபோன் வேலைக்குப் போன அம்மாவிடம் இருந்தாலும், இரவில் வந்து கேட்டுக்கொள்ளலாம். எந்தப் பாடம் அழகானது என்பதைவிட, எந்தப் பாடம் கடைசிப் பிள்ளைவரை போய்ச் சேரும் என்பதே முதலில் கேட்கவேண்டிய கேள்வி.

அப்பாவின் குரல்

இரவு எட்டு மணிக்கு அந்தச் சிறுமியின் அப்பா பேசுவார். அங்கே அப்போது மாலை நாலரை. நம் நாட்டு நேரம் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டது. பிரான்சின் நேரம் 15 பாகையைக் கொண்டது. வேறுபாடு 67.5 பாகை. பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், 67.5 ÷ 15 = 4.5 மணி. கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைப்பதால் அது மூன்றரை மணியாகும்.

குரல் வர எவ்வளவு நேரம்? நிலைத்த செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. ஏறி இறங்க 72,000 கிலோமீட்டர். நொடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில் 0.24 நொடி. கேள்விக்கும் பதிலுக்கும் சேர்த்து ஏறக்குறைய அரை நொடி. முற்காலத்தில் வெளிநாட்டு அழைப்புகள் செயற்கைக்கோள் வழியே வந்தபோது, இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீ சொல்லு", "இல்லை, நீ சொல்லு" என்று தடுமாறியதை உங்கள் ஆயாவைக் கேட்டால் சொல்வார். இன்று கடலடிக் கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு 2 இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. பாரிசுக்கு நேர்த்தொலைவு சுமார் 8,000 கிலோமீட்டர், ஒளிக்கு 0.04 நொடி போதும். கேபிள் சுற்றிவந்தாலும், வழியிலுள்ள கருவிகள் கொஞ்சம் தாமதித்தாலும், பழைய தடுமாற்றம் பெரிதும் குறைந்துவிட்டது.

திரும்பி வரும் வழி

கண்ணைக் கட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்ட முடியுமா? முடியாது. வண்டி சாய்வதைக் கண் பார்த்து, கைக்குச் சொல்ல, கை திருத்துகிறது. விளைவைப் பற்றிய செய்தி தொடக்கத்துக்கே திரும்பி வருவதற்குப் பின்னூட்டம் என்று பெயர். கற்பித்தலும் அப்படித்தான். வானொலியும் தொலைக்காட்சியும் ஒருவழிப் பாதைகள். ஆசிரியரின் சொல் போகிறது, பிள்ளையின் முகம் திரும்பி வருவதில்லை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் கேள்வி நேரம் சேர்த்தது இதனால்தான்.

பெரிய மாணவர்கள் கேள்வி கேட்டாவது சமாளிக்கலாம். ஆறு வயதுப் பிள்ளைக்குத் தனக்கு என்ன புரியவில்லை என்பதையே சொல்லத் தெரியாது. பென்சிலை எப்படிப் பிடிக்கிறது, 'ட'வை எங்கே தொடங்குகிறது என்பதைப் பக்கத்தில் இருப்பவர்தான் பார்க்க முடியும். 2021 அக்டோபர் 27 அன்று, நம் புதுவைக்கு வடக்கே மரக்காணம் அருகிலுள்ள முதலியார்குப்பத்தில் தமிழ்நாடு அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. 1 முதல் 8ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு மாலை வேளையில், அவர்கள் குடியிருப்புக்கே தன்னார்வலர்கள் சென்று பாடம் சொன்னார்கள். அறுந்திருந்த வழியை மனிதர்களே மறுபடி இணைத்தார்கள்.

நம் சிறுமியின் கதை எப்படி முடிந்தது? நான் விளக்கும் முன்பே அவள் அண்ணன் வந்துவிட்டான். நோட்டை முகம் பார்க்கும் கண்ணாடி முன் பிடித்துக் காட்டினான். பிறகு ஃபோனின் பின்பக்கக் கேமராவால் காட்டினான். எழுத்து நேராகத் தெரிந்தது. "நோட்டுல சரியா இருந்தாப் போதும், ஃபோனைப் பாக்காத" என்றான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதப் போனாள். எந்தச் செயற்கைக்கோளும் செய்ய முடியாத வேலையை ஒரு பத்தாம் வகுப்பு மாணவன் இரண்டு நிமிடத்தில் செய்தான்.

பள்ளிகள் இனியும் மூடப்படும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. பள்ளிகளுக்கு விடுமுறை விட நேர்ந்தது. அடுத்த முறை உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு சின்னப் பிள்ளை நோட்டோடு உட்கார்ந்திருக்கும். அருகில் போய் உட்காருங்கள்.

செய்து பாருங்கள்

1. 'படம்', 'மரம்', 'யானை' என்று தாளில் எழுதிக் கண்ணாடியில் பாருங்கள். எந்த எழுத்துகள் மிகக் குறைவாக மாறுகின்றன? பட்டியல் தயாரியுங்கள்.

2. வரைபடத் தாளில் ஓர் அலையை வரையுங்கள். ஓர் அலைக்குப் பத்துப் புள்ளி வைத்து, புள்ளிகளை மட்டும் நேர்கோடுகளால் இணையுங்கள். பிறகு ஓர் அலைக்கு ஒரே புள்ளி வைத்து இணையுங்கள். இரண்டாவது படத்தில் அலை எங்கே போயிற்று?

3. புயலில் மின்சாரம் போய், செல்ஃபோன் கோபுரமும் நின்றுவிட்டது. பாடம் வந்து சேர எந்தக் கருவி உதவும்? அதில் திரும்பி வரும் வழியை நீங்கள் எப்படி ஏற்படுத்துவீர்கள்? உங்கள் ஆசிரியரோடு கலந்து பேசுங்கள்.