முதல் வெப் புரோகிராமிங் புத்தகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கல்வியாண்டு தொடங்கும்போதெல்லாம் மாணவர்கள் வாங்கிவரும் புத்தகங்களைப் பார்த்து வருத்தப்படுகிறேன். எச்டிஎம்எல்லில் ஒரு ஃபார்ம்கூட எழுதிப் பழகாத பிள்ளையின் கையில் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவி பற்றிய தடித்த புத்தகம் இருக்கிறது. சீனியர் சொன்னார், வேலை விளம்பரத்தில் அந்தப் பெயர் இருந்தது, வீட்டில் பணம் கொடுத்துவிட்டார்கள். "எந்தப் புத்தகம் படிச்சா சீக்கிரம் வேலை கிடைக்கும், சார்?" என்றுதான் பெற்றோரும் கேட்கிறார்கள். பிள்ளைக்கு எது புரியும் என்று கேட்பவர்கள் குறைவு.

நல்ல புத்தகங்கள் எவை என்பது ஓரளவு எல்லோருக்கும் தெரிந்ததே. படங்களோடு விளக்கும் வகையில் ஜான் டக்கெட்டின் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் நூல். பயிற்சிகளோடு பாடம் நடத்தும் வகையில் மரைன் ஹேவர்பெக்கின் ‘எலக்வென்ட் ஜாவாஸ்கிரிப்ட்’. இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். சந்தேகம் வந்தால் புரட்டிப் பார்க்க டேவிட் ஃபிளானகனின் பெரிய ஜாவாஸ்கிரிப்ட் நூல். முதல் இரண்டில் ஒன்றோடு தொடங்கலாம், மூன்றாவதை நூலகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

வேறு புத்தகம் கண்ணில் பட்டால் மூன்று விஷயங்களைச் சோதியுங்கள்.

முதலாவது, வயது. மறு அச்சின் ஆண்டைப் பார்த்து ஏமாறாமல், அந்தப் பதிப்பு முதலில் வெளியான ஆண்டைத் தேடுங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் மாறிகளை அறிவிக்கும் ‘லெட்’, ‘கான்ஸ்ட்’ இரண்டும் 2015இல் வந்தன. அவற்றுக்கு முன்பிருந்த ‘வார்’ மட்டுமே இருக்கும் புத்தகம் அதற்கு முந்தைய காலத்தது. பக்கத்தை அடுக்க உதவும் சிஎஸ்எஸ் கிரிட் 2017இல்தான் பிரவுசர்களுக்குப் பரவலாக வந்தது. டக்கெட்டின் நூல் 2011இல் வந்தது. அதில் டேக்குகளை நன்றாகக் கற்கலாம். பக்க அமைப்பை மட்டும் புதிய நூல் ஒன்றில் படித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பாதுகாப்பு. சர்வரில் ஓடும் பிஎச்பி மொழி நூலானால் டேட்டாபேஸ் அத்தியாயத்தைத் திறங்கள். பயனர் தட்டச்சு செய்ததை அப்படியே எஸ்கியூஎல் வரியோடு ஒட்டி அனுப்பக் கற்றுக்கொடுத்தாலோ, பாஸ்வேர்டை எம்டி5இல் மாற்றிச் சேமிக்கச் சொன்னாலோ, அந்த நூலை வாங்க வேண்டாம். ‘மைஎஸ்கியூஎல்’ என்ற பெயரும் அடிக்கோடுமாகத் தொடங்கும் பழைய ஃபங்ஷன்கள் 2015இல் வந்த பிஎச்பி 7இலேயே நீக்கப்பட்டுவிட்டன. அவற்றை நம்பியிருக்கும் நூலின் உதாரணங்கள் இன்றைய கணினியில் ஓடாது. எழுதியது சரியாக இருந்தும் ஓடாதபோது, குறை தன்னிடம்தான் என்று மாணவர் நினைத்துவிடுகிறார்.

மூன்றாவது, பயிற்சி. கடையிலேயே ஓர் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். உள்ளே இருக்கும் உதாரணத்தைக் கொஞ்சம் மாற்றி எழுதும் கேள்வியாவது இருக்க வேண்டும். கேள்வியே இல்லாத நூலைப் படித்தால் எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும், கையில் எதுவும் தங்காது.

இப்போது ரியாக்ட். அது நல்ல கருவிதான், பின்னால் கற்கவும் வேண்டும். ஆனால் முதல் புத்தகமாக அது தகுதிக்கு மீறிக் கொண்டாடப்படுகிறது. பட்டனை அழுத்தினால் ஒரு ஃபங்ஷன் ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஃபங்ஷன் பெயருக்குப் பின் அடைப்புக்குறி போட்டுவிட்டால், அழுத்துவதற்கு முன்பே அது ஓடிவிடுகிறது. "அடைப்புக்குறி போடாதே" என்று மாணவர் மனப்பாடம் செய்துகொள்கிறார். ஃபங்ஷனைக் கொடுப்பதற்கும் அதை அழைப்பதற்கும் உள்ள வேறுபாடு ஜாவாஸ்கிரிப்ட்டின் அடிப்படை. அது தெரியாதவருக்கு எது ரியாக்ட், எது ஜாவாஸ்கிரிப்ட் என்றே பிரித்துச் சொல்ல முடிவதில்லை. பிழை வந்தால் எங்கே தேடுவது என்றும் தெரியாமல், இணையத்தில் கிடைக்கும் வரிகளை ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்க்கிறார்.

இன்னொரு சிக்கல், அந்தப் புத்தகங்கள் சீக்கிரம் பழசாகிவிடுகின்றன. ரியாக்ட் வெளியானது 2013இல். 2019 பிப்ரவரியில் ஹூக்ஸ் என்ற புதிய எழுதும் முறை வந்ததும், அதுவரை கிளாஸ் முறையில் பாடம் நடத்திய நூல்கள் பின்தங்கின. பிறகு வந்த பல நூல்கள் ‘கிரியேட் ரியாக்ட் ஆப்’ என்ற கருவியோடு பாடத்தைத் தொடங்கின. 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழுவே அதைக் கைவிட்டது. மாறாக, டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் உருவாக்கிய முதல் இணையப் பக்கம் இன்றைய பிரவுசரிலும் திறக்கிறது. பழைய பக்கங்கள் உடையக் கூடாது என்பதில் வலை அவ்வளவு கவனமாக இருக்கிறது. முதல் ஆண்டின் உழைப்பு நிலைத்து நிற்கும் இடத்தில் சேரட்டும்.

ஜாவாஸ்கிரிப்ட்டின் அடிப்படை கைவந்ததும், ரியாக்ட்டுக்கு முன் பிஎச்பியில் சிறியதொரு தளம் கட்டச் சொல்வேன். நான் கற்ற வழி அதுதான். ஃபார்மை அனுப்பினால் தகவல் சர்வருக்குப் போகிறது, அங்கே ஒரு நிரல் அதை வாங்கிப் பதில் பக்கத்தைத் திருப்பி அனுப்புகிறது. இந்தப் போக்குவரத்தை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் வழியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பிஎச்பி பழசு என்று சொல்பவர்கள் சொல்லட்டும். வேர்ட்பிரஸ் இன்றும் அதில்தான் ஓடுகிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நிறத்தையும் இடைவெளியையும் மணிக்கணக்கில் சரிசெய்து மகிழும் பிள்ளையும் உண்டு. திரையைப் பற்றிக் கவலையே படாமல், தகவல் எங்கே போய் எங்கே வருகிறது என்று துருவும் பிள்ளையும் உண்டு. இருவருக்கும் இந்தத் துறையில் இடமிருக்கிறது, பாதைதான் வேறு. பக்கத்து வீட்டுப் பிள்ளை எதைப் படித்தது என்பது உங்கள் பிள்ளையின் புத்தகத்துக்கு அளவுகோல் ஆகாது.

மாணவர்களே, முப்பது நாளில் எல்லாம் வந்துவிடும் என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். கூகுளில் ஆராய்ச்சிப் பிரிவை வழிநடத்திய பீட்டர் நார்விக், நிரலாக்கம் கற்கப் பத்தாண்டு ஆகும் என்று 2001இலேயே ஒரு கட்டுரை எழுதினார். அதைப் படித்துப் பயப்பட வேண்டாம். அவசரப்பட்டு ஐந்து புத்தகங்களை அரைகுறையாகத் தொடுவதைவிட, ஒரு புத்தகத்தின் ஒவ்வொரு உதாரணத்தையும் கையால் தட்டச்சு செய்து, மாற்றி, உடைத்து, மறுபடி ஓட வையுங்கள். அப்படி ஒன்றை முடித்தவருக்கு அடுத்த புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க யார் துணையும் தேவைப்படாது.