பெரிய டயருக்கு முன்னால் நல்ல பிரேக்: ஃபோர் வீல் டிரைவ் வாங்கிய தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, ஜிம்னியோ தாரோ பழைய ஜிப்சியோ, எதை வாங்கியிருந்தாலும் சரி, அடுத்து உன் மனசு நிற்கப் போவது டயர் கடை வாசலில்தான். பெரிய டயர், கறுப்பு அலாய், கொஞ்சம் வெளியே தள்ளிய சக்கரம் என்று வண்டியை எப்படி அலங்கரிக்கலாம் என்றுதான் யோசிப்பாய். ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் காசை எடுத்து வைக்கும் முன் அக்கா சொல்வதைக் கேள். பிரேக்கும் சக்கரமும் தனித்தனிச் செலவு இல்லை. சக்கரத்தைப் பெரிசாக்கினால் பிரேக்குக்கு வேலை கூடும். பிரேக் டிஸ்க்கைப் பெரிசாக்கினால் பழைய ரிம் உள்ளே இடிக்கும். அதனால் இரண்டையும் ஒரே நாளில் யோசித்து முடிவு செய். செலவு மட்டும் பிரேக்கிலிருந்து தொடங்கட்டும்.

இறக்கத்தில் பிரேக் படும் பாடு

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. ஏறும்போது கஷ்டப்படுவது என்ஜின். இறங்கும்போது அந்தக் கஷ்டம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழும்.

ஆளும் சாமானும் சேர்த்து 1,500 கிலோ உள்ள வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள். அந்த இறக்கத்தில் வெளிப்படும் சக்தி, 30 டிகிரியில் இருக்கும் 50 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டு போகப் போதும். காலை பிரேக்கிலேயே வைத்து இறங்கினால், அந்தச் சூட்டில் பெரும்பகுதி டிஸ்க்கிலும் டிரம்மிலும்தான் இறங்கும். அதனால் முதல் டிப்ஸுக்கு ஒரு பைசா செலவில்லை: ஏறிய கியரிலேயே இறங்கு. செங்குத்தான மண் பாதை என்றால் ஃபோர் லோ (ஃபோர் வீலின் மெதுவான கியர் நிலை) போட்டு முதல் கியரில் விடு, வண்டியை என்ஜினே இழுத்துப் பிடிக்கும். காய்ந்த தார் ரோட்டில் மட்டும் ஃபோர் வீலைப் போடாதே. நியூட்ரலில் இறங்கிப் பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடு.

பிரேக் சூடானதை உன் காலே சொல்லிவிடும். பெடல் கல்லு மாதிரி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கத் தாமதித்தால் பேட் சூடேறிவிட்டது. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. முதலாவது நடந்தால் வண்டியை ஓரம்கட்டி ஆறவிடு. இரண்டாவது நடந்தால் கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுத்து நிறுத்து. ஆறின பிறகு பெடல் பழையபடி கெட்டியானாலும் அதை நம்பிப் பயணத்தைத் தொடராதே.

பிரேக்கில் எதை முதலில் மாற்றுவது?

1. பிரேக் ஆயில். குறைந்த செலவில் அதிகப் பலன் தருவது இதுதான். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏற ஏற அது கொதிக்கும் சூடு குறைந்துகொண்டே வரும். டாட் 3 ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தபட்சம் 205 டிகிரி தாங்க வேண்டும், ஈரம் ஏறினபின் 140 டிகிரி. டாட் 4 என்றால் 230, 155. டாட் 5.1 என்றால் 260, 180. ஆண்டுக்கணக்கில் மாற்றாத ஆயிலோடு மலை இறங்குவது ஏன் ஆபத்து என்று இந்த எண்களே சொல்லும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்று. ஆற்றில், சேற்றில் அடிக்கடி இறங்குகிறவள் என்றால் வருடத்துக்கு ஒருமுறை. ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதே: டாட் 5 வேறு, டாட் 5.1 வேறு. டாட் 5 சிலிக்கோன் ஆயில், மற்றவற்றோடு கலக்கவே கூடாது. மாற்றும்போது நான்கு சக்கரத்திலும் ஏர் எடுக்கச் சொல். ஆயில் பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவு, இல்லாவிட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

2. பேட். ஜிம்னியிலும் மூன்று கதவுத் தாரிலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பிரேக் அடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால் பெரும்பங்கு வேலையை முன் டிஸ்க்தான் செய்கிறது. எனவே நல்ல பேடுக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. மலைக்கும் சேற்றுக்கும் செமி மெட்டாலிக் பேட் பொருத்தம், சூட்டை நன்றாகத் தாங்கும். கொஞ்சம் சத்தம் போடும், டிஸ்க்கைக் கொஞ்சம் வேகமாகத் தேய்க்கும், அதைப் பொறுத்துக்கொள். பந்தயத்துக்கென்று விற்கும் பேட் வேண்டாம். அது சூடான பிறகுதான் பிடிக்கும், காலையில் வண்டியை எடுத்ததும் வரும் முதல் வளைவில் உன்னைக் கைவிட்டுவிடும்.

புதுப் பேடை உடனே மலைக்குக் கொண்டு போகாதே. ஆள் இல்லாத ரோட்டில் 50, 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரைக்கும் நிதானமாகப் பலமுறை வேகத்தைக் குறை. முழுசாக நிறுத்தி மிதித்துக்கொண்டே நிற்காதே. ஒவ்வொரு முறைக்கும் நடுவில் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிடு. பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று படிந்த பிறகுதான் முழுப் பிடிப்பு கிடைக்கும்.

3. ஹோஸ். காலிப்பருக்கு (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) போகும் ரப்பர் ஹோஸை விரலால் வளைத்துப் பார். வெடிப்போ வீக்கமோ இருந்தால் எல்லா ஹோஸையும் மாற்று. மேலே எஃகுப் பின்னல் போட்ட ஹோஸ் அழுத்தத்தில் வீங்காது, பெடலும் கெட்டியாக இருக்கும். சஸ்பென்ஷனைத் தூக்கியிருந்தால் நீளமான ஹோஸ் கட்டாயம். வண்டியை ஜாக்கியில் ஏற்றி, சக்கரம் முழுசாகக் கீழே தொங்கும்போதும், ஸ்டியரிங்கை இரண்டு பக்கம் முழுசாகத் திருப்பும்போதும் ஹோஸ் இழுபடுகிறதா என்று நீயே பார்த்துக்கொள். சில பழைய வண்டிகளில் பின் ஆக்சிலோடு இணைந்த ஒரு வால்வு, பின்னால் பாரம் எவ்வளவு என்று உணர்ந்து பின் பிரேக்கின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும். வண்டியைத் தூக்கினால், பின்னால் பாரமே இல்லை என்று அது நினைத்துக்கொள்ளும், பின் பிரேக் பலவீனமாகும். லிப்ட் கிட் போட்டால் அந்த வால்வின் கம்பியையும் சரிசெய்யச் சொல்.

4. டிரம். பின் டிரம்மைக் கழற்றி டிஸ்க் போட்டுவிடலாமே என்று பலர் சொல்வார்கள். இப்போதைக்கு அது வேண்டாம். ஹேண்ட் பிரேக்குக்குப் புது ஏற்பாடு வேண்டும், முன் பின் பிரேக் சமநிலை மாறும், ஏபிஎஸ் கணக்கும் குழம்பும். டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்து, லைனர் தடிமனைப் பார்த்து, சரியாக அட்ஜஸ்ட் செய்தாலே பாதிக் குறை தீரும். டிரம்முக்குள் போன சேறு தானாக வெளியே வராது. சேற்றுப் பயணம் முடிந்த வாரமே திறந்து கழுவச் சொல்.

5. பெரிய டிஸ்க், பெரிய காலிப்பர். மேலே சொன்ன நான்கும் முடிந்து, கனமான டயரும் ஏற்றி, அப்போதும் போதவில்லை என்றால் மட்டும் இதற்கு வா. துளை போட்ட டிஸ்க் பார்க்க அழகு. ஆனால் துளையில் சேறும் பொடிக்கல்லும் அடைக்கும், சூட்டில் துளை ஓரத்தில் வெடிப்பும் விடும். காட்டுப் பாதைக்கு வெறும் டிஸ்க் அல்லது கோடு வெட்டிய டிஸ்க் போதும். காலிப்பர் பிஸ்டன் பெரிசானால் அதைத் தள்ள அதிக ஆயில் வேண்டும், பழைய மாஸ்டர் சிலிண்டரோடு பெடல் ஆழமாகப் போகும். எனவே சேர்த்துப் பொருத்திப் பார்த்த செட்டாக வாங்கு. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்காதே.

டயர் எவ்வளவு பெரிசாகலாம்?

ஜிம்னிக்குக் கம்பெனி தருவது 195/80 ஆர்15. விட்டம் 693 மில்லிமீட்டர். 215/75 ஆர்15 போட்டால் சுமார் 704, அதாவது ஒன்றரை சதவீதம்தான் கூடுதல். 235/75 ஆர்15 என்றால் 733க்கு மேல், கிட்டத்தட்ட 6 சதவீதம். இதனால் என்ன என்று கேட்பாய். சக்கரம் உயர உயர, அதே மிதிக்கு ரோட்டில் கிடைக்கும் பிரேக் பலம் குறையும். இந்த 235 டயரில் 5 சதவீதத்துக்கு மேல் போய்விடும். கூடவே டயரின் எடையும் ஏறும், சுழலும் அந்த எடையையும் அதே பிரேக்தான் நிறுத்த வேண்டும். மீட்டர் 60 காட்டும்போது நீ 63க்கு மேல் போய்க்கொண்டிருப்பாய். 3 சதவீதத்துக்குள் நில் என்பது என் அறிவுரை.

அடுத்து டயரின் வகை. ஊரில் தார் ரோடு, வாரக்கடைசியில் மண் பாதை என்றால் ஏடி (ஆல் டெரெய்ன்) டயர் போதும். எம்டி (மட் டெரெய்ன்) டயரின் பெரிய கட்டைகள் சேற்றில் அருமையாகக் கடிக்கும். ஆனால் மழையில் நனைந்த தார் ரோட்டில் நிற்கத் தூரம் அதிகம் எடுக்கும், காதையும் கிழிக்கும். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படி: 2324 என்றால் 2024இன் 23ஆவது வாரம் செய்தது. லோட் இன்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையைச் சொல்லும் எண்) கம்பெனி டயரை விடக் குறையக் கூடாது. ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்கட்டும். விட்டம் வேறான சக்கரத்தோடு ஃபோர் வீலைப் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் இறுகி அடிவாங்கும்.

ரிம் வாங்கும்போது

- சின்ன ரிம், உயரமான டயர். பெரிய ரிம் போட்டால் ரப்பரின் பக்கச் சுவர் குறுகும். கல்லில் அடிபட்டால் ரிம் நேரடியாக அடி வாங்கும், காற்றைக் குறைத்து மணலில் ஓட்டவும் இடம் இருக்காது. தாரில் 16 அங்குல ஸ்டீல் ரிம்முக்கு 245/75, 18 அங்குல அலாய்க்கு 255/65 டயர் வருகிறது. காட்டுப் பாதைதான் உனக்கு முக்கியம் என்றால் 16தான் என் தேர்வு.

- ஸ்டீலா, அலாயா? ஸ்டீல் ரிம் அடிபட்டால் வளையும், பஞ்சர் கடையில் தட்டி நிமிர்த்தி ஊர் வந்து சேரலாம். அலாய் பெரும்பாலும் எடை குறைவு, பிரேக்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் நல்லது, ஆனால் பலமாக அடிபட்டால் வெடிக்கும். ஆள் நடமாட்டமில்லாத பாதைக்கு ஸ்டீல், தார் ரோடும் மண் ரோடும் கலந்த ஓட்டத்துக்கு நல்ல தரமான அலாய். தரச் சான்றும் தாங்கும் எடையும் பொறிக்காத அலாயைத் தொடாதே.

- பிசிடி, நடுத்துளை, ஆஃப்செட். ஜிம்னிக்கு பிசிடி (போல்ட் எண்ணிக்கையும் அவை நிற்கும் வட்டத்தின் விட்டமும்) 5 × 139.7, நடுத்துளை 108 மில்லிமீட்டர், கம்பெனி ரிம் 5.5 அங்குல அகலம், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் பொருந்தும் முகம் வரை உள்ள தூரம்) 5 மில்லிமீட்டர். ஜிப்சிக்கும் பிசிடி இதேதான். ஆஃப்செட் 5ஐ விட்டு மைனஸ் 20க்குப் போனால் சக்கரம் ஒவ்வொரு பக்கமும் 25 மில்லிமீட்டர் வெளியே வரும். பார்க்கக் கம்பீரம்தான். ஆனால் பேரிங் சீக்கிரம் தேயும், குழியில் ஸ்டியரிங் கையை உதறும், திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசும். ஸ்பேசர் வைத்து வெளியே தள்ளுவதற்கு நான் சம்மதிக்கவே மாட்டேன்.

- அகலம். 235/75 டயருக்கு 5.5 அங்குல ரிம் குறுகல், 6 அங்குலமாவது வேண்டும். டயர் மாற்றினால் ரிம்மும் மாற வேண்டி வருவது இப்படித்தான்.

- காலிப்பர் இடைவெளி. காசு கொடுக்கும் முன் ஒரு ரிம்மை மட்டும் முன்சக்கரத்தில் மாட்டி, கையால் சுற்றிப் பார். காலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவே சேறு அடைந்தாலும் உரசாத இடைவெளி இருக்கட்டும். பின்னாளில் பெரிய டிஸ்க் போடும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே கடைக்காரரிடம் சொல்லிவிடு.

- நட். பழைய நட் புது ரிம்முக்குப் பொருந்தும் என்று நம்பாதே. சில ரிம்முக்குக் கூம்பு நட், சிலவற்றுக்கு உருண்டை முகம் உள்ள நட். மாறினால் தானாகக் கழன்றுவிடும். வண்டிப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்கச் சொல். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை திரும்ப முடுக்கு.

மாற்றிய பிறகு

மணலில் இறங்கும்போது காற்றை 15, 18 பிஎஸ்ஐ வரை குறைக்கலாம். ஆனால் தார் ரோட்டைத் தொடும் முன் திரும்ப ஏற்றியாக வேண்டும். காற்று குறைந்த டயர் வேகத்தில் சூடாகி வெடிக்கும், வளைவில் ரிம்மை விட்டுக் கழன்றும் விடும். அதனால் கையடக்கக் கம்ப்ரஸரும் காற்று அளக்கும் கேஜும் வண்டியிலேயே இருக்கட்டும். ஆறு, ஓடை தாண்டியதும் மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை லேசாக மிதித்துக் காயவை, பிடிக்கிறது என்று உறுதியான பிறகு வேகம் எடு.

சட்டத்தையும் தெரிந்துகொள். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பெரிய மாற்றம் செய்வதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவி. விபத்து நடந்த பிறகு இதைப் பற்றி யோசிப்பதில் பயனில்லை.

கையில் உள்ள பணம் எவ்வளவாக இருந்தாலும் வரிசை இதுதான்: பிரேக் ஆயில், பேட், ஹோஸ், டிரம் சுத்தம். பிறகு அளவான ஏடி டயர். கடைசியில்தான் ரிம். பணம் பாதியில் தீர்ந்தாலும் இந்த வரிசையில் போனால் உனக்கு நஷ்டமில்லை, அதுவரை செய்த ஒவ்வொன்றும் வண்டியைப் பாதுகாப்பாக்கியிருக்கும். ரிம்மிலிருந்து தொடங்கிப் பாதியில் நின்றால், பார்க்க அழகான, நிற்கத் தயங்கும் வண்டிதான் மிஞ்சும். உன்னோடு அம்மாவும் குழந்தைகளும் ஏறும் வண்டி அது. இந்த வாரமே மெக்கானிக்கிடம் போய், கடைசியாகப் பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று கேட்டு வா.