ஆயாவின் ஞானஸ்நானம்

உத்திரமேரூர்

அன்புள்ள மகளுக்குப் பெரியப்பாவின் ஸ்தோத்திரங்கள்.

நீ முழுக்கு ஞானஸ்நானம் பெற்றாய் என்ற செய்தியைக் காட்டிலும், குழந்தைப் பருவத்தில் தலையில் நீர் தெளிக்கப்பெற்றதோடு நின்றுவிட்ட நம் ஆயா மெய்விசுவாசி அல்லள் என்று சொல்லி, அவளுடைய ஞாபகார்த்த ஆராதனைக்கு வர மறுத்தாய் என்ற செய்தியே என் நித்திரையைக் கெடுத்தது. எந்தச் சபையில் சேர்வது என்பது முற்றிலும் உன் சுதந்திரம், நான் தலையிடேன். ஆயினும் சில வார்த்தைகள்.

உன் போதகர் சொல்வது புதிதன்று. வட ஆப்பிரிக்காவில் 4-ஆம் நூற்றாண்டிலேயே தொனாத்தியர் என்னும் பிரிவினர், பிறசபையார் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாதென்று மறுஞானஸ்நானம் கொடுத்தார்கள். 411-இல் கார்த்தேஜில் அகுஸ்தீன் அவர்களோடு வாதிட்டார். இங்கோ, 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய ஐக்கியப் பேச்சு 1947 செப்டம்பர் 27-இல் முடிந்து, ஆங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் தென்னிந்திய ஐக்கிய சபையாரும், ஒருவர் போதகரை மற்றவர் மறு அபிஷேகமின்றி ஏற்றுத் தென்னிந்தியத் திருச்சபையானார்கள். சேர்வதற்கு 28 வருஷம். பிரிவதற்கு ஒரு பிரசங்கம் போதும் போலிருக்கிறது!

நம் ஊர் வைகுந்தப் பெருமாள் கோயிற்சுவரில், முதற் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளை நீ சிறுமியாயிருந்தபோது நானே காட்டியிருக்கிறேன். அவற்றுள் பிந்தியதன்படி, கால்வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்கு உட்பட்ட வயது, வேதக் கல்வி ஆகிய இவை உடையவனுக்கே ஊர்ச்சபைத் தேர்தலின் குடவோலையில் பெயர் உண்டு. அந்த யோக்கியதைகளுள் வயதொன்றைத் தவிர வேறெதுவும் வாய்த்திராத சேரியின் வமிசத்தில் வந்த நம் குடும்பத்தின் பெயர், ஸ்காத்து மிஷனார் செங்கற்பட்டுச் சீமைக்கு வந்த பிறகு, நிலமும் கல்வியும் கேளாத ஒரு ஞானஸ்நானப் பதிவேட்டிலேதான் முதன்முதலாக எழுதப்பட்டது. அதிலுள்ள ஆயாவின் பெயரை அடிப்பதற்கு நீ, அதுவும் நீ, பேனாவை எடுப்பதா?

உன் சித்தப்பாவின் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் ஓர் ஊழியர் (பெயர் வேண்டாம்), இறந்தவன் மீட்கப்படாதவன் என்று பெட்டியருகே நின்று பிரசங்கித்ததை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கவேண்டும் என்பதும் தெரியும்.

இப்படியா பிள்ளைக்கு எழுதுவது என்று பெரியம்மா கோபிக்கிறாள். கிறிஸ்மஸுக்கு வா, அம்மா. சபைத் தோழிகளையும் அழைத்து வா. எவ்வளவு நேரம் ஜெபித்தாலும் நான் வாய் திறக்கமாட்டேன். கம்மலைக் கழற்றிவிட்டாயாமே, அதைப்பற்றியும் கேட்கமாட்டேன். அதிரசத்துக்கு இப்போதே வெல்லம் வாங்கியாயிற்று. பஸ் செலவுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன்.

உன் பிரியமுள்ள
பெரியப்பா