மூன்று எண் ஒரே கோட்டில்: சிப் இல்லாமல் கணக்குப் பார்த்த பிங்கோ இயந்திரம்

மழை விட்ட இரவில் ரிங்லெட் கடைத்தெருவில் சற்று நின்று பாருங்கள். ஒவ்வொரு விளக்கையும் சுற்றி விட்டில்பூச்சிகள் மொய்த்துக்கொண்டிருக்கும். அவற்றில் ஒன்று கணினிக்குள் புகுந்துவிட்டால் என்ன ஆகும்? 1947 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அதுதான் நடந்தது. மார்க் 2 என்ற கணினி தவறு செய்தது. தேடிப் பார்த்தபோது, ஒரு ரிலேயின் தொடுமுனைகளுக்கு இடையில் ஒரு விட்டில் மாட்டியிருந்தது. அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி வைத்தார்கள். இன்றும் அந்தப் பக்கம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, பூச்சியோடு.

உங்கள் கைப்பேசியின் சிப்புக்குள் விட்டில் நுழைய இடமே கிடையாது. மார்க் 2-இல் இருந்தது. ஏனென்றால் அதன் பாகங்கள் கண்ணுக்குத் தெரிபவை, அசைபவை. அதே வகைப் பாகங்களால் ஆன ஓர் இயந்திரத்தை இன்று பிரித்துப் பார்க்கப் போகிறோம். அது கணினி அல்ல. காசு போட்டு விளையாடும் பிங்கோ பின்பால்.

முதலில் ரிலே. இரும்பு மையத்தைச் சுற்றிச் செப்புக் கம்பிச்சுருள். மின்சாரம் பாய்ந்தால் மையம் காந்தமாகி, எதிரே உள்ள சிறு இரும்புத் தகட்டை இழுக்கும். தகடு நகரும்போது தொடுமுனைகள் ஒட்டும் அல்லது விலகும். மின்சாரம் நின்றால் சுருள்வில் தகட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். அவ்வளவுதான். ஒரு மின்சுற்று இன்னொரு மின்சுற்றின் விசையைத் தட்டுகிறது. இதையே தொடர்ந்து அடுக்கிக்கொண்டு போனால் 'முடிவெடுக்கும்' இயந்திரம் கிடைக்கும்.

இப்போது பிங்கோவுக்கு வருவோம். சிக்காகோவின் யுனைடெட், பேலி ஆகிய நிறுவனங்கள் 1951-இல் இவற்றை வெளியிட்டன. பேலியின் முதல் பிங்கோவுக்குப் பெயர் பிரைட் லைட்ஸ். நீங்கள் படங்களில் பார்க்கும் பின்பாலில் பந்தை அடிக்க இரண்டு துடுப்புகள் இருக்கும். பிங்கோவில் துடுப்பே கிடையாது. சரிவான பலகையில் 1 முதல் 25 வரை எண்ணிட்ட குழிகள். வழக்கமாக ஐந்து பந்துகள். பந்தைச் சுண்டிவிட்டால் அது ஆணிகளில் மோதி மோதி இறங்கி ஏதோ ஒரு குழியில் விழும். விழுந்த பந்து அடியில் உள்ள விசையை அழுத்தியபடி அங்கேயே கிடக்கும். உடனே நிமிர்ந்து நிற்கும் கண்ணாடியில், 5×5 கட்டங்கள் கொண்ட பிங்கோ அட்டையில், அந்த எண் ஒளிரும். அடுத்தடுத்த மூன்று எண்கள் ஒரே கோட்டில் ஒளிர்ந்தால் பரிசு. நான்கு என்றால் கூடுதல். ஐந்து என்றால் இன்னும் கூடுதல்.

எண்கள் கோட்டில் அமைந்துவிட்டன என்பது இயந்திரத்துக்கு எப்படித் தெரிகிறது? அதற்குக் கண் இல்லை, சிப்பும் இல்லை. தமிழ்ப்பள்ளியில் நீங்கள் படித்த தொடர் மின்சுற்றுதான் இருக்கிறது. மூன்று விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால், மூன்றும் மூடியிருந்தால் மட்டுமே மின்சாரம் செல்லும். '7-உம் 12-உம் 3-உம் விழுந்ததா?' என்ற கேள்விக்கு அந்தக் கம்பியே பதில் சொல்லிவிடுகிறது.

அட்டையில் இத்தகைய கேள்விகள் எத்தனை? படுக்கையாக 5 வரிசை, நெடுக்காக 5, மூலைவிட்டம் 2. ஆக 12 கோடுகள். ஒரு கோட்டின் ஐந்து கட்டங்களில் அடுத்தடுத்த மூன்றை 3 விதமாக எடுக்கலாம். மொத்தம் 36. எல்லாக் கோடுகளையும் ஒரே நேரத்தில் சோதிக்காமல், வட்டத் தட்டு ஒன்றின் மேல் ஒரு தொடுகரத்தை நகர்த்தி வரிசையாகச் சோதிக்கிறார்கள். தட்டில் பதித்த சிறு உலோகக் குமிழ்களின் மேல் கரம் 'டிக், டிக்' என்று நகரும். சரியான இடத்தில் சுற்று முழுமையானால் ஒரு ரிலே இழுத்துக்கொள்ளும். தேடல் அங்கேயே நிற்கும். பரிசு எண்ணி இன்னொரு சக்கரம் ஒவ்வொன்றாக ஏறும். இந்த இயந்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் இந்தத் தேடல் தட்டுதான். கணினி நிரல் ஓடுவதை விரலால் தொட்டுப் பார்க்கிற மாதிரி அது.

சரி, மூன்று விழ எவ்வளவு வாய்ப்பு? 25 குழிகளில் 5 பந்துகள் அமையக்கூடிய விதங்கள் 53,130. எல்லா விதங்களுக்கும் ஒரே வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட ஒரு மூன்று எண்கள் விழுந்திருக்கும் விதங்கள் 231; அதாவது 230-இல் 1. இப்படி 36 இருப்பதால், ஆட்டத்துக்குச் சராசரியாக 36/230, ஏறத்தாழ 0.16. ஒரே ஆட்டத்தில் இரண்டு அமைவதும் உண்டு. ஆகவே வெல்லும் வாய்ப்பு இதைவிடச் சற்றுக் குறைவு. ஐந்தும் ஒரே கோட்டில்? 53,130-இல் 12 தான். 4,400 ஆட்டங்களுக்கு ஒன்றுகூட இல்லை.

இது பந்தின் கணக்கு. இயந்திரத்துக்குச் சொந்தக் கணக்கு ஒன்றும் உண்டு. பந்தை விடுமுன் மேலும் காசு போட்டுப் பரிசு விகிதத்தை உயர்த்தப் பார்க்கலாம். ஒவ்வொரு காசுக்கும் உள்ளே தட்டுகள் சுழன்று ஏதோ ஓரிடத்தில் நிற்கும். வழி திறந்திருந்தால் விகிதம் உயரும், இல்லையேல் காசு போனது போனதுதான். இந்த வழியில் குறுக்கே நிற்பது ரிஃப்ளெக்ஸ் யூனிட் என்ற படிச்சக்கரம். காசு விழ விழ அது ஒரு பக்கம் நகர்ந்து வழிகளைத் திறக்கும். பரிசு கொடுக்கக் கொடுக்க மறுபக்கம் நகர்ந்து அவற்றை மூடும். அதாவது, நேற்று யார் எவ்வளவு வென்றார் என்பதைச் சக்கரத்தின் நிலையாக அது நினைவில் வைத்திருக்கிறது. விளையாடியவர் 'இன்று எனக்கு நேரம் சரியில்லை' என்று நினைத்திருப்பார். பின்கதவைத் திறந்து பார்த்தால், அந்த நேரம் உலோகக் குமிழ்களாகத் தட்டில் பதிந்து கிடக்கும்.

அப்போது சூதாட்ட இயந்திரங்களுக்கு அமெரிக்காவில் சட்டக் கெடுபிடி இருந்தது. பிங்கோ 'இலவச மறு ஆட்டம்' மட்டுமே தருகிறது என்று சொல்லித் தப்பப் பார்த்தார்கள். 1957-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதுவும் சூதாட்ட இயந்திர வரிக்கு உட்பட்டதே என்றது. 1962-இல் சட்டம் மேலும் இறுகியது.

இப்போது அவற்றை விரும்பிச் சீரமைப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் உடனே மின்சாரம் கொடுப்பதில்லை. முதலில் மேசை விரிப்பு அளவுள்ள சுற்றுப்படத்தை விரிக்கிறார்கள். படம் தொலைந்துபோன இயந்திரத்தைச் சீராக்குவது, சாவி இல்லாத வீட்டுக்குள் நுழைவது போல. பிறகு சுத்தம். பல ஆண்டுகளுக்கு முன் பூசிய மசகு காய்ந்து கோந்தாகிவிட்டிருக்கும். படிச்சக்கரம் ஏறும், திரும்பி இறங்காது. வெள்ளித் தொடுமுனைகள் காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் கறுத்திருக்கும். நம் தேயிலை ஆலையில் கசக்கிய இலை உயிர்வளியோடு சேர்ந்து நிறம் மாறுவதை நாமே விரும்பிச் செய்கிறோம். இங்கே காற்று செய்யும் வேலை எதிரி. மெல்லிய படலம் போதும், மின்சாரம் நின்றுவிடும். நுண்ணிய அரத்தால் இலேசாகத் தேய்ப்பார்கள். அதிகம் தேய்த்தால் வெள்ளியே போய்விடும். ரிங்லெட் போன்ற ஈரமான ஊரில் இரும்புத் துருவும் கூடச் சேரும். நீங்கள் எந்தப் பழைய இயந்திரத்தையும் பெரியவர் துணையின்றித் திறக்காதீர்கள். சுவர் மின்சாரம் 240 வோல்ட்.

ஆனால் தேடல் தட்டின் கேள்வியை 1.5 வோல்ட் மின்கலத்தோடு செய்து பார்க்கலாம். ஒரு மின்கலம், அதற்கேற்ற சிறு மின்குமிழ், அட்டையில் குத்திய காகிதக் கவ்விகள் விசைகளாக. ஒரே வரிசையில் நான்கு குழிகள்: அ, ஆ, இ, ஈ. அடுத்தடுத்த மூன்று மூடினால் விளக்கு எரிய வேண்டும். 'அ-ஆ-இ' ஒரு தொடர், 'ஆ-இ-ஈ' ஒரு தொடர், இரண்டையும் இணைகரமாக வைத்தால் ஆறு விசைகள் தேவை. கொஞ்சம் யோசியுங்கள். ஆ-வும் இ-யும் இரண்டிலும் வருகின்றன. அவ்விரண்டையும் தொடராக வைத்து, அவற்றோடு அ-வையும் ஈ-யையும் இணைகரமாகச் சேர்த்தால் நான்கே விசைகளில் வேலை முடிகிறது. ரிலேச் சுற்றுகளை இப்படி இயற்கணிதம் போலச் சுருக்கலாம் என்று 1937-இல் தன் ஆய்வேட்டில் காட்டியவர் கிளாட் ஷானன் என்ற மாணவர். வயது 21.

இனி ஐந்து குழிகளுக்கு வரைந்து பாருங்கள். நடுவிலுள்ள குழியிலிருந்து தொடங்குங்கள். அது மூடாமல் அந்த வரிசையில் எந்த மூன்றும் சேராது.