பல் வைத்தியத்தைப் பாதியில் விடாதீர்கள்

தருமபுரிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பல் கிளினிக் நடத்துகிறேன். காலையில் வருகிற முதல் ஆள் பெரும்பாலும் இரவெல்லாம் தூங்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவராக இருப்பார். அவருடைய வலியை நிறுத்துவது பெரிய காரியமில்லை. வலி நின்றதும் அடுத்த சிட்டிங்குக்கு வராமல் இருந்துவிடுகிறாரே, அதுதான் கவலை. சில மாதம் கழித்து அதே பல் இரண்டாகப் பிளந்து, பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலையில் திரும்பி வருகிறார். அதனால் இங்கே வேர் சிகிச்சைக்குத்தான் அதிக இடம். மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

போவதற்கு முன்

காலை நேரத்தில், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றில் மரப்பு ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்குத்தான் தலை சுற்றுகிறது. சர்க்கரை உள்ளவர்கள் வழக்கமான மாத்திரையையும் காலை உணவையும் தவறவிடக் கூடாது. கடைசியாகப் பார்த்த சர்க்கரை அளவுச் சீட்டு கையில் இருக்கட்டும்.

வீட்டில் சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். 'பிரஷர் மாத்திரை, வெள்ளையாக இருக்கும்' என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் புரியாது. இதயத்துக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்கள் பல் பிடுங்கப் போகிறோம் என்று தாமாகவே அதை நிறுத்திவிட்டு வருகிறார்கள். இதைச் செய்யவே கூடாது. ரத்தம் கசிவதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். மாரடைப்பை எங்களால் பார்த்துக்கொள்ள முடியாது. எலும்பு பலவீனத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்களில் சிலருக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு. கர்ப்பிணிகளுக்கு நான்கு முதல் ஆறு மாதம் வரை வசதியான காலம். ஆனால் சீழ் பிடித்திருந்தால் எந்த மாதமானாலும் தள்ளிப்போட வேண்டாம்.

இரவில் வலி வந்தால் கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் ஒரு துளி தொட்டுச் சொத்தைக் குழிக்குள் மட்டும் வைக்கலாம். ஈறில் பட்டால் புண்ணாகும். வலி மாத்திரையைப் பொடித்துப் பல்லில் அப்புவது ஈறைச் சுட்டுவிடும். மாத்திரை வயிற்றுக்குள் போய்த்தான் வேலை செய்ய வேண்டும்.

சுத்தம் செய்வதும் அடைப்பதும்

கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்ற பயம் இன்னும் போகவில்லை. ஆடுகிற பல்லைக் காரைதான் சிமென்ட் மாதிரி பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. சில நாள் கூச்சம் இருக்கும், பிறகு அடங்கிவிடும். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறவர்கள் உடனே செய்துகொள்ளுங்கள்.

எங்கள் மாவட்டத்திலும் கிருஷ்ணகிரியிலும் பழுப்புக் கறையோடு வருகிறவர்கள் அதிகம். நிலத்தடி நீரில் உள்ள ஃபுளோரைடால், குழந்தைப் பருவத்தில் பல் உருவாகும்போதே ஏறிய கறை அது. கிளீனிங்கில் போகாது, அதைச் சொத்தை என்று நினைக்கவும் வேண்டாம். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. அந்தத் தண்ணீர் கிடைக்கிற வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு அதையே குடிக்கக் கொடுங்கள், போர் தண்ணீர் வேண்டாம். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்றுவதால் இன்னும் அடர்த்திதான் ஆகும்.

சொத்தை சின்னதாக இருக்கும்போது அடைத்துவிட்டால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும்.

வேர் சிகிச்சை

பல்லுக்கு வெளியே கடினமான எனாமல், அதற்குள் டென்டின், நடுவில் நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள கூழ். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுரீரென்று கூசி, உடனே அடங்கினால் கூழ் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது, அடைத்தாலே போதும். சூடான காபி குடித்தபின் வலி நெடுநேரம் நின்றாலோ, படுத்ததும் விண்விண்ணென்று தெறித்தாலோ கூழ் வீங்கிவிட்டது என்று அர்த்தம். இதற்கு அடுத்த கட்டத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். சில நாளில் வலி தானாக நின்றுவிடும். 'சரியாகிவிட்டது டாக்டர்' என்பார்கள். நரம்பு செத்துவிட்டதால் வலி தெரியவில்லை. கிருமி வேரின் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்.

மெடிக்கலில் ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிட்டால் வீக்கம் வடியும். ஆனால் செத்துப்போன கூழுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. மருந்து அங்கே எப்படிப் போகும்? கொஞ்ச நாள் கழித்து மறுபடி வீங்கும். உள்ளே உள்ளதை வெளியே எடுத்தே ஆக வேண்டும்.

முதல் சிட்டிங்கில் எக்ஸ்ரே எடுத்து, மரப்பு ஊசி போட்டு, பல்லைத் திறந்து கூழை எடுத்துவிடுவோம். வலி அன்றைக்கே பெரும்பாலும் போய்விடும். பிறகு வேர்க் குழாய்களை மெல்லிய ஃபைல்களால் சுத்தம் செய்து, மருந்தால் கழுவி, கட்டா பெர்ச்சா என்கிற ரப்பர் போன்ற பொருளால் நிரப்புவோம். கடைவாய்ப் பல்லில் பொதுவாக மூன்று நான்கு குழாய்கள் இருக்கும். அதனால்தான் சிலருக்கு ஒரே சிட்டிங்கில் முடிகிறது, சிலருக்கு இரண்டு மூன்று ஆகிறது. சீழ் இருந்தால் உள்ளே மருந்து வைத்து ஒரு வாரம் காத்திருப்பதே நல்லது. ஒரே நாளில் முடித்துத் தரச் சொல்லி டாக்டரை நெருக்காதீர்கள்.

சிட்டிங்குகளுக்கு நடுவே பல்லின் மேல் வைப்பது தற்காலிக அடைப்பு. வெள்ளையாக, கெட்டியாக இருப்பதைப் பார்த்து வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அது சில வாரங்களுக்கு மேல் தாங்காது. தேய்ந்து, ஓரம் விட்டு, எச்சில் உள்ளே கசியும். கசிந்தால் சுத்தம் செய்த குழாய்க்குள் கிருமி மறுபடி குடியேறும். செலவழித்த காசு அவ்வளவும் வீண். அடைப்பு பெயர்ந்தால் அன்றைக்கோ மறுநாளோ போய்விடுங்கள். அந்தப் பக்கம் முறுக்கு, சீடை, கரும்பு எதுவும் கடிக்க வேண்டாம்.

அடுத்தது கேப். வேர் சிகிச்சை செய்த பல் ஏற்கெனவே சொத்தையால் உள்ளே குடைந்துபோயிருக்கும். சிகிச்சைக்காக நாங்களும் நடுவில் வழி திறந்திருப்போம். மிச்சம் நிற்பது சுவர்கள்தான். கடைவாய்ப் பல்லின் மேல் விழுகிற அழுத்தத்தில் அவை பிளக்கும். பிளவு ஈறுக்குக் கீழே இறங்கிவிட்டால் காப்பாற்ற முடியாது. ஆகவே கடைவாய்ப் பல்லுக்கு கேப் கட்டாயம், நிரப்பி முடித்த சில வாரங்களுக்குள். முன்பல்லில் சுவர் நன்றாக இருந்தால் அடைப்போடு விடலாம்.

என்ன கேப் என்று எல்லோரும் கேட்கிறார்கள். சிரித்தால் தெரியாத கடைசிப் பல்லுக்கு உலோகக் கேப் போதும் என்பேன். பல்லை அதிகம் ராவ வேண்டியதில்லை, விலையும் குறைவு. உலோகத்தின் மேல் செராமிக் பூசியதில் நாளடைவில் மேல்பூச்சு சில்லு சில்லாக உடைவதுண்டு. சிர்கோனியா உறுதியும் அழகும் உடையது, விலைதான் அதிகம். வசதி இருந்தால் அதைப் போடுங்கள்.

முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: 'கேப்போடு சேர்த்து மொத்தம் எவ்வளவு ஆகும்?' வேர் சிகிச்சைக்கு மட்டும் தொகை கேட்டுவிட்டு, கேப் விலை தெரிந்ததும் நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். கையில் பணம் போதாதென்றால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தவணையில் வாங்கிக்கொள்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள். சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953 முதல் இயங்குகிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பல் பிரிவு உண்டு. பல் மருத்துவக் கல்லூரி எதுவானாலும், மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வதால் நேரம் பிடிக்கும், செலவு குறையும். எதுவும் முடியாதென்றால் பல்லைப் பிடுங்கிவிடுவதுகூடப் பாதியில் நிற்கிற வேர் சிகிச்சையைவிட மேல். ஆனால் பிடுங்கிய இடத்தை அப்படியே விட்டால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப் பல் இறங்கும். அதனால் பிரிட்ஜா, இம்பிளான்டா என்பதை அப்போதே பேசி வையுங்கள். பிரிட்ஜுக்கு இரண்டு பக்கத்துப் பல்லையும் ராவ வேண்டும். அவை நல்ல பற்களாக இருந்தால் நான் இம்பிளான்டைத்தான் சொல்வேன். டைட்டானியம் திருகு எலும்போடு சேரச் சில மாதங்கள் பொறுக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு

'விழப்போகிற பால் பல்தானே' என்ற பேச்சை விட்டுவிடுங்கள். பின்பக்கப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. முன்னதாகப் போனால் அடியில் வரும் பல்லுக்கு இடம் குறைந்து கோணல் ஆகும். அதைவிட முக்கியமானது ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, கடைசியில் முளைக்கிற கடைவாய்ப் பல். இது பால் பல் இல்லை, ஆயுசுக்கும் உள்ள பல். பெற்றோர் கவனிப்பதற்குள் சொத்தையாகிவிடுகிறது. முளைத்ததும் அழைத்து வாருங்கள். அதன் பள்ளங்களை மெல்லிய பூச்சால் மூடிவிடலாம், ஊசி வேண்டாம், வலியும் இருக்காது.

ஏழு வயது வரை இரவில் நீங்களே தேய்த்துவிடுங்கள். மூன்று வயதுக்குள் அரிசி அளவு பேஸ்ட், அதற்கு மேல் பட்டாணி அளவு. தேய்த்தபின் பால் கூடாது, தண்ணீர் மட்டும்.

விளையாட்டில் முன்பல் முழுதாகப் பெயர்ந்தால் வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுங்கள். மண் இருந்தால் தண்ணீரில் மெல்ல அலசி, குழிக்குள்ளேயே திரும்ப வைத்துக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஆறிய பாலில் போட்டு உடனே கிளம்புங்கள். அரை மணி நேரத்துக்குள் வந்தால் காப்பாற்ற நல்ல வாய்ப்பு. பால் பல்லானால் திரும்ப வைக்கக் கூடாது.

பிடுங்கிய பின்

பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடியுங்கள். அன்றைக்குத் துப்புவதும் கொப்பளிப்பதும் வேண்டாம். இளநீரானாலும் ஸ்ட்ரா போடக் கூடாது. குழியில் உறைந்த ரத்தம்தான் மருந்து, உறிஞ்சினால் பெயர்ந்துவிடும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு மூன்றாம் நாள் வாக்கில் தாங்க முடியாத வலி வருவது இதனால்தான். மறுநாளிலிருந்து உப்புத் தண்ணீர்.

பெரியவர்களின் பல் செட்

இரவில் கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போடுங்கள். வெந்நீரில் வளைந்துவிடும். பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும், சோப்பு போதும். கழுவும்போது கீழே தண்ணீர் நிறைந்த பாத்திரம் இருக்கட்டும், நழுவினாலும் உடையாது. செட் உரசி வந்த புண், செட்டைக் கழற்றி வைத்தும் இரண்டு வாரத்தில் ஆறவில்லையென்றால் காட்டிவிடுங்கள். புகையிலை போடுகிறவர்கள் இதில் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. பல்வலியோடு தாடைக்கு அடியில் வீங்கி, வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்கக் கஷ்டப்பட்டால் பல் கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அது மூச்சை அடைக்கக்கூடிய வீக்கம். எந்த நேரமானாலும் 108-ஐ அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.