உன்னால் இழுத்து வைக்க முடிகிற படகு

பாளையங்கோட்டை,
ஆனி மாதம், ஞாயிறு இரவு.

அன்பு மருமகனுக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய படங்கள் பதினேழையும் பெரிதாக்கிப் பார்த்தேன். போனில் சொன்னால் "சரி மாமா, சரி மாமா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். அவசரம் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து படி.

படகு வாங்கப்போகிறேன் என்று நீ சொன்ன அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? உன் தாத்தா தோணித் தண்டல். இன்ஜின் வராத காலத்தில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பாய் விரித்தே போய்வந்த மனுஷர். அந்தக் கை எனக்கு வாய்க்கவில்லை, பேரனுக்காவது வருகிறதே என்று இரண்டு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. மூன்றாம் ராத்திரியும் பிடிக்கவில்லை. அதற்குக் காரணம் வேறு.

கொச்சியில் இருக்கிற 22 அடிப் படகு, உள்ளே இரண்டு பேர் படுக்கிற கேபின், பின்னால் மோட்டார். சென்னையில் ஒரு லேசர், ஒற்றை ஆள், ஒற்றைப் பாய். இரண்டில் எது என்று கேட்டிருக்கிறாய். உன் சம்பாத்தியம், உன் ஆசை. எதை வாங்கினாலும் மாமாவுக்குச் சம்மதம். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. மாதம் ஒரு முறை சென்னையிலிருந்து ரயிலேறி வருவாய். படகு நம் ஊர்ப் புன்னக்காயலில் நிற்கும். மற்ற 28 நாளும் அதை யார் பார்ப்பது? கொச்சிப் படகின் அடியில் கனத்த கட்டை ஒன்று நிரந்தரமாகத் தொங்குகிறது, படத்தில் தெளிவாகத் தெரிகிறது. அதனால்தான் அது எளிதில் கவிழாது என்று நீ எழுதியிருப்பது சரிதான். ஆனால் அந்தக் கட்டையோடு நம் தாமிரபரணி முகத்துவாரத்துக்குள் எப்படி வருவாய்? ஆறு தள்ளுகிற மண்ணும் கடல் தள்ளுகிற மண்ணும் சேர்ந்து அங்கே மேடு கட்டிக் கிடக்கிறது. இந்த மாதம் இருந்த வழி அடுத்த மாதம் இருக்காது. அங்கேயே பிறந்தவர்கள்கூட நீவாடு பார்த்து, தண்ணீரின் நிறம் பார்த்துத்தான் படகை உள்ளே விடுகிறார்கள். வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிறுத்தலாம் என்பாய். அதற்குத்தான் வருகிறேன்.

தொண்ணூற்றிரண்டுக் கதையை உன் அம்மா உனக்கு எந்த அளவுக்குச் சொன்னாளோ தெரியாது. உன் அப்பா அந்த வள்ளம் வாங்கியபோது நீ பிறக்கவில்லை. நீலப் பெயிண்ட் புதுசாக அடித்து, அணியத்தில் மாதா படம் எழுதி, கண்ணைப் பறிக்கிற மாதிரி நின்றது. நான் சின்னதாக ஒன்று பார்த்து வைத்திருந்தேன். "சின்னதா வாங்குனா சின்னதாவே இருப்போம்" என்றார் அத்தான். அக்காவின் ஏழு பவுன் சங்கிலி அதில்தான் போனது. உன் அப்பாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. குடும்பம் முன்னுக்கு வரவேண்டும் என்று நினைத்தார். நானும் கடைசியில் தலையாட்டினேன்.

1992 நவம்பர் 13. மேலே மலையில் பெய்த மழைக்குத் தாமிரபரணி கரை மீறி வருகிறது. கடலில் புயல். முன்னாலும் தண்ணீர், பின்னாலும் தண்ணீர். அந்த வள்ளத்தைக் கரையேற்ற எட்டுப் பேர் வேண்டும். ஊரில் எண்பது பேர் இருந்தார்கள், ஆனால் ஒவ்வொருவரும் அவரவர் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் கட்டுமரத்தின் கயிற்றை அவிழ்த்து, கட்டை கட்டையாகத் தோளில் தூக்கிக் கொண்டுபோய் மேட்டில் போட்டார். போட்டுவிட்டு எங்களுக்கு உதவியாக வந்தும் நின்றார். அவர், நான், அத்தான், மூன்று பேர். இடுப்பளவுத் தண்ணீரில் கயிற்றைப் பிடித்தபடி நின்றோம். என் உள்ளங்கைத் தழும்பை நீ சின்னப் பிள்ளையில் தடவித் தடவிக் கேட்பாயே, அது அந்தக் கயிறு உரித்தது. விடிந்தபோது வள்ளத்தில் அணியம் மட்டும் மணலில் குத்திக்கொண்டு நின்றது.

அதைவிட என் நெஞ்சில் கிடப்பது அடுத்த நாள் பார்த்தது. கரை ஒதுங்கிய பலகை ஒன்றை எடுத்துத் திருப்பினேன். புது நீலப் பெயிண்டுக்கு அடியில் சிமென்ட். புழு அரித்த ஓட்டைகளை எல்லாம் கலப்பத்து பார்க்காமல் சிமென்ட் வைத்துப் பூசி, மேலே நிறம் அடித்து விற்றிருக்கிறார்கள். ஒரு ஆணியை விரலால் தொட்டேன், துருவாக உதிர்ந்தது. வாங்கும்போது நாங்கள் யாரும் குனிந்து அடியைப் பார்க்கவில்லை. எல்லோரும் மாதா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

முப்பத்தோரு வருஷம் கழித்து, 2023 டிசம்பர் 17, 18இல் ஆறு மறுபடியும் வந்தது உனக்கே தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, எண்ணூறு பேர் தண்ணீருக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள். நீ சென்னையில் இருந்துகொண்டு எங்கள் போன் கிடைக்காமல் தவித்தாய். அந்த ராத்திரி புன்னக்காயலில் உன் 22 அடிப் படகு நின்றிருந்தால், உன்னை யார் தடுத்திருக்க முடியும்? தண்ணீரில் இறங்கியாவது வந்திருப்பாய். நீ உன் அப்பாவின் பிள்ளை. எனக்குத் தூக்கம் பிடிக்காதது அதனால்தான்.

ஆகவே மாமா சொல்வது இதுதான். முதல் படகு என்பது நீயும் இன்னொரு ஆளும் சேர்ந்தால் தூக்கி மேட்டில் வைக்க முடிகிற படகாக இருக்கவேண்டும். லேசரின் நீளம் ஏறக்குறைய 14 அடி, உடல் எடை 59 கிலோ. ஒரு நெல் மூட்டையை விடக் கொஞ்சம் குறைவு. பாய்மரம் இரண்டு துண்டாகக் கழன்றுவிடும். சென்னையில் அதை எத்தனையோ பிள்ளைகள் ஓட்டிப் பழகுகிறார்கள். நீ சொல்வாயே, நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண், அவரும் சிறு பாயுள்ள லேசரில்தான் டோக்கியோவுக்குப் போனார். சின்னப் படகு என்று நினைக்காதே.

வ.உ.சி. சொந்தக் கப்பல் வாங்கவில்லையா என்று எழுதியிருக்கிறாய். வாங்கினார். ஆனால் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது வாடகைக் கப்பலைத்தான் ஓட்டினார். வெள்ளைக்காரக் கம்பெனி நெருக்கடி கொடுத்து அந்தக் கப்பலைத் திரும்ப எடுக்க வைத்த பிறகுதான் பம்பாய்க்குப் போய்ச் சொந்தக் கப்பலோடு வருவேன் என்று சபதம் செய்தார். அவருக்குப் பின்னால் பங்குதாரர்கள் இருந்தார்கள், ஊரே இருந்தது. அப்படியும் 1908இல் அவரைச் சிறையில் போட்டதும் கப்பல் கம்பெனி நிலைக்கவில்லை. கூட நின்று பார்க்க வேண்டியவர் இல்லை. நம் மண்ணின் அவ்வளவு பெரிய மனுஷருக்கே அதுதான் நேர்ந்தது.

தீவில் போய்ப் படுத்துவிட்டு வரலாம் என்ற கனவு கேபினுக்கு ஒரு காரணம் என்று தெரிகிறது. வான் தீவு, காசுவாரி என்று பெயர் எழுதியிருக்கிறாய். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21ம் 1986லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது. வனத்துறை பிடித்தால் படகும் போகும், பெயரும் போகும். அந்தக் கேபினில் நீ படுக்கப்போவது எங்கே?

சென்னைப் படகையும் அப்படியே நம்பிவிடாதே. சுனாமிக்குப் பிறகு கரையெல்லாம் பைபர் படகாக வந்தபோது நான் பழுது பார்த்துத்தான் பிழைத்தேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஈரம் காய்ந்த பிறகு, வெயிலில் வைத்துப் பார். ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் அடிப்பாகம் முழுக்க ஒரு சாண் விட்டு ஒரு சாண் தட்டு. நல்ல பைபர் "டக் டக்" என்று கெட்டியாகச் சொல்லும். அடுக்கு பிரிந்த இடம் அட்டைப்பெட்டி மாதிரி மந்தமாகச் சொல்லும். மேல்தளத்தில், உட்கார்ந்து ஓட்டுகிற இடத்தைச் சுற்றி முழங்காலை ஊன்றி அழுத்து. அமுங்கினால் விடு.

பாய்மரம் செருகுகிற குழியில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வா. தண்ணீர் மட்டம் இறங்கியிருந்தால் அடியில் விரிசல், பாய்மரம் ஒரு நாள் காற்றில் தளத்தைப் பிய்த்துக்கொண்டு போகும். பிறகு மூட்டைத் தராசில் படகை ஏற்று. 59 கிலோ சொல்லவேண்டியது 66, 67 சொன்னால் உள்ளே தண்ணீர் குடித்திருக்கிறது. பாய்மரத்தின் மேல்துண்டில் ரிவெட் அடித்த இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்று பார். உப்புத் தண்ணீரில் அலுமினியம் அங்கேதான் அரிக்கும், அங்கேதான் ஒடியும். பாயை வெயிலுக்கு நேரே பிடி, தையலை நகத்தால் கீறு. நூல் வந்தால் பாய் முடிந்தது. நல்ல பாய் மடக்கும்போது மொறமொறக்கும், பழசு வேட்டி மாதிரி துவண்டு விழும்.

புதுப் பெயிண்ட் வாசம் அடித்தால், பேரம் பேசாதே. கையைக் கழுவிவிட்டு வந்துவிடு.

இன்னொரு விஷயம், எல்லாவற்றையும் விட முக்கியம். நீ கற்றது சென்னைக் காற்று. நம் கரைக் காற்று வேறு. இப்போது ஆனி, அடுத்து ஆடி. கயத்தாறு பக்கம் வரும்போது காற்றாலைகள் சுற்றுகிற வேகத்தைப் பேருந்து ஜன்னலில் பார்த்திருப்பாய். அந்தக் காற்று மலை இடைவெளி வழியாக வந்து, வயல் தாண்டி, கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும் கச்சான். கரையோரம் கடல் குளம் மாதிரி கிடக்கும். புதுசாக வருகிறவன் அதைப் பார்த்துத்தான் ஏமாறுவான். போகும்போது பாய் நிறைந்து பறக்கும், ஆஹா என்றிருக்கும். அரை மைல் போனதும் அலை எழும்பும். திரும்பலாம் என்று பார்த்தால் காற்று மூஞ்சியில் அடிக்கும். பிறகு வளைந்து வளைந்துதான் வரவேண்டும், அதற்குக் கையில் பலம் மிஞ்சியிருக்க வேண்டும். கொச்சிப் படகில் மோட்டார் இருக்கிறதே என்பாய். உப்புக் காற்றில் மாதக்கணக்காக நின்ற மோட்டார் அந்த நேரம் பார்த்து எடுக்காது. நானே கயிறு இழுத்து இழுத்துத் தோள் நொந்தவன். தாத்தா ஆடியில் முதல் முறை யாரையும் ஏற்றிப் போனதில்லை. நீ மார்கழி கழிந்து, மாசி, பங்குனியில் தொடங்கு. அப்போது காற்று மெதுவாகப் பேசும்.

கடலுக்குப் போகும் முன் கழியில், நெஞ்சளவுத் தண்ணீரில், வேண்டுமென்றே இருபது முறை கவிழ். நடுவில் இறக்குகிற பலகையின் மேல் ஏறி நின்று, தனியாளாக நிமிர்த்து. இருபதாவது முறை மூச்சு வாங்காமல் நிமிர்த்தினால் வெளியே போ. லைஃப் ஜாக்கெட்டைப் படகில் வைத்துக்கொண்டு போகாதே, உடம்பில் போட்டுக்கொண்டு போ. எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று கரையில் ஒருவரிடம் சொல்லாமல் போகாதே. கடலோரக் காவல்படையின் 1554 உன் போனில் மட்டும் இருந்தால் போதாது, அந்தக் கரையில் நிற்கிற ஆளின் போனிலும் இருக்கவேண்டும். அந்த ஆள் நானாக இருந்தால் எனக்கு நிம்மதி. ஞாயிறு காலையில் முதல் பஸ் பிடித்தால் விடிகிற நேரத்துக்கு வந்துவிடுவேன்.

எழுத எழுத, உன்னை நிறுத்தி வைத்து வாத்தியார் மாதிரி பேசிவிட்டேனோ என்று இருக்கிறது. மனதில் வைத்துக்கொள்ளாதே ராசா. இந்தக் குடும்பத்தில் கடலைப் பார்த்து மறுபடியும் ஆசைப்பட்ட ஒரே பிள்ளை நீ. கொச்சிப் படகுதான் வேண்டும் என்று உன் மனசு சொன்னால் அதையே வாங்கு. மாமா கொச்சிக்கு உன் கூட வருகிறேன், கைப்பிடியால் தட்டிப் பார்க்கிறேன், பணம் குறைந்தால் என் பாஸ்புக்கில் கொஞ்சம் இருக்கிறது. பேத்தி கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. சென்னைப் படகு என்றால் லாரியிலிருந்து இறக்க நான் ஒரு பக்கம் பிடிப்பேன். உன் அத்தை நண்டுக் குழம்பு வைக்கிறேன் என்று இப்போதே சொல்லிவிட்டாள்.

தாத்தாவின் பித்தளைக் காம்பஸ் என் அலமாரியில் துணி சுற்றி இருக்கிறது. வள்ளம் வாங்கிய அன்று அதை அத்தான் கேட்டார், நான் கொடுக்கவில்லை. இந்த முறை வரும்போது எடுத்துக்கொண்டு போ. முள் கொஞ்சம் ஒட்டுகிறது, மெல்லத் தட்டினால் ஆடும்.

அக்காவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டாதே. அத்தானை நான் கேட்டதாகச் சொல்.

உன் மாமா